லாரிக்குப் பிறந்தநாள் வாழ்த்து

1.
இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல, தங்கையிடம் வாங்கியது. அவள் இணையதளங்களுக்கு நிரல் எழுதுகிறவள். வியாழக்கிழமை மதியம் போன் செய்து, "அண்ணா, ஒன்பது வருஷமா ஏமாந்திருக்கேன்" என்றாள். மாப்பிள்ளையைப் பற்றியோ என்று பதறி எழுந்தேன். மாப்பிள்ளை இல்லை, ஒரு ட்ரெயிட்.

அன்றே கதையாக எழுதத் தொடங்கினேன்: "நான்காம் மாடியில், மழை ஓய்ந்த ஒரு காலை" — மழையே பெய்யவில்லை. விடுங்கள்.

2.
ட்ரெயிட் என்பது தனியாக ஓடாத நிரல் துண்டு. 'கிளாஸ்' என்னும் முழுப் பகுதி ஏதாவது அதைச் சேர்த்துக்கொண்டால்தான் அதற்கு உயிர். ஒரே துண்டைப் பத்து கிளாஸ்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்பது வருடத்துக்கு முன் தங்கை எழுதியது பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் துண்டு.

நிரலை ஓட்டாமல், படித்தே குறை சொல்லும் மென்பொருள் ஒன்று அவர்கள் அலுவலகத்தில் உண்டு. அதற்கு மாமியார் என்று பெயர்.*

அந்த மாமியார் குறை சொல்லாத ஒரே கோப்பு தங்கையின் இந்தத் துண்டு. 'குறை எதுவும் இல்லை' என்று வந்ததைத் தாளில் அச்சிட்டு மேசைக்கு மேலே ஒட்டியிருந்தாள். வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களை அதன் முன்னால் நிறுத்திப் பாடம் எடுப்பாள்.

(* சமைத்ததை வாயில் வைக்காமலே உப்பு தூக்கல் என்பதால். பெயர் அலுவலகத்தார் வைத்தது. தங்கையின் மாமியார் இதைப் படிக்க நேர்ந்தால் கவனிக்கவும்.)

3.
சோதனைப் பிரிவில் இருப்பவரை எல்லாரும் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வியாழன் காலை அவர் அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"அக்கா, மாமியார் இதப் படிச்சதே இல்ல."

"கண்ணு தெரியலயாப்பா? குறை இல்லன்னு போட்டிருக்குல்ல?"

"உங்க ட்ரெயிட்ட எந்த கிளாஸும் எடுத்துக்கலயே. வீட்டுக்கே வராத மருமகள என்னன்னு குறை சொல்றது? எந்த கிளாஸ் எடுத்துக்குதோ அதுக்குள்ள வெச்சுதான் படிக்கும். ரெண்டு வீட்டுக்குப் போனா ரெண்டு தடவ படிக்கும்."

"அப்போ இந்த ஒன்பது வருஷமா?"

"எட்டிக்கூடப் பாக்கல."

அதைவிட மோசம், யாரும் பயன்படுத்தாத கோப்புகளை எல்லாம் மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அழித்துவிடுவதாகக் குழுத்தலைவர் அறிவித்திருந்தார். தங்கை மேசை மேசையாகப் போய் நின்றாள். யாருக்கும் வேண்டாம். கடைசியில் சந்தேகம்தான் இடம் கொண்டுவந்தார்.

"லாரிக் கணக்கு பாக்குற கிளாஸ் ஒண்ணு இன்னும் தனியாதான் இருக்கு, அக்கா."

"லாரிக்கு ஏதுப்பா பிறந்தநாள்?"

"வேற இடம் தகையலயே."

4.
இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் நோட்டுப் புத்தகத்தில் லிப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். பதினோரு வருடமாக. நேர்மையானவர், தொப்பி அணிந்தவர், குறையே இல்லாதவர். எந்தக் கதையிலும் அவரை நான் போட்டதில்லை.

அவரை விடுங்கள், முடிவுக்கு வருவோம்.

முடிவு ஒன்று: தங்கை லாரியில் சேர்க்கவில்லை. கோப்பு அழிகிறது. சுவரில் உள்ள தாள் இனி என்றைக்கும் பொய்யாகாது.

முடிவு இரண்டு: சேர்க்கிறாள். மாமியார் வாயைத் திறக்கிறார். தங்கை தலைநிமிர்ந்து...

வெள்ளி பதினொன்றரைக்கு இரண்டையும் போனில் படித்துக் காட்டினேன்.

"எனக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள நீயே முடிச்சிட்ட. சரி, உன் லிப்ட்காரர் இன்னும் நோட்டுக்குள்ளதான இருக்காரு?"

"அவருக்கு ஏத்த கதை அமையல."

"பதினோரு வருஷமாவா? இந்தக் கதையில போடு. நீ போட்டா நான் லாரில சேக்குறேன்."

"இதுல லிப்டே இல்லயே."

"லாரிக்குப் பிறந்தநாளே இல்லயே!"

5.
போட்டேன்.

"நான்காம் மாடிக்கு லிப்ட் வந்து நின்றது. உள்ளே இருந்த பழுதுபார்ப்பவர், இரண்டு கைகளிலும் கருவிப் பெட்டிகளோடு, தொப்பியைக் கழற்றினார்."

"எந்தக் கையால?" என்றாள் தங்கை. "லிப்ட்தான் ஓடுதே, அவரு எதுக்கு வந்தாரு? நேர்மையானவர்னு சொன்னியே, லிப்ட்டுக்குள்ள நின்னு என்ன நேர்மை பண்றாரு?" சிரித்து ஓய்ந்ததும் விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"சேத்துட்டேன். மாமியாரும் படிச்சாச்சு."

"எத்தன குறை?"

"நாப்பத்தொண்ணு." முதல் குறையை வாசித்தாள். "'லாரிக்குப் பிறந்த தேதி இல்லை, பன்னிரண்டாவது வரி.' எவ்ளோ ஒழுங்கா படிச்சிருக்கு பாருண்ணா."

"அடுத்தது?"

"அவசரப்படாத. ஒண்ணொண்ணா படிக்கிறேன்."

சுவரிலிருந்து தாளைக் கிழிக்கும் சத்தம். பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

"அண்ணா, தலைவர் லிப்ட்ல வர்றாராம். நாப்பத்தொரு குறையோட இருக்கட்டும்னு சொல்வாரா, தூக்குன்னு சொல்வாரா தெரியல. ஆமா, எங்க ஆபீஸ்ல லிப்டே கிடையாதே, இப்ப ஒண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

போன் துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு நான் அவளிடம் கேட்கவில்லை, கேட்டால் எழுதிவிடுவேன். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். லிப்ட் நான்காம் மாடியில் நிற்கிறது, கதவு மூடியிருக்கிறது. உள்ளே குழுத்தலைவர், அவருக்கு முன்னால் என் ஆள். வெளியே, கையில் நாற்பத்தொரு குறைகளோடு, என் தங்கை. பொத்தான் உங்கள் பக்கம் இருக்கிறது. அழுத்துவதாக இருந்தால் கொஞ்சம் தள்ளி நின்று அழுத்துங்கள். தொப்பியை எடுப்பதற்காக அவர் ஒரு பெட்டியைக் கீழே போட்டாக வேண்டும்.