குதிகாலில் ஒரு துளி

மூன்று வாரம் முந்திக்கொண்டு பிறந்த பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு. இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். அதனால் முதல் நாள் முழுக்க, ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் குதிகாலில் லேசாகக் குத்தி, ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தாய்க்கு எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. தூக்கமும் விழிப்பும் ஒன்றோடொன்று கலந்துபோன அந்த வார்டில் வெள்ளைத் திரைகள் மெல்ல அலையடித்தன. தள்ளுவண்டிச் சத்தம் எங்கிருந்தோ மிதந்து வந்தது. ஜன்னல் வெயில் கட்டிலில் ஏறி, அவள் முழங்காலில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப்போனது.

கணவன் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பூரித்துப்போயிருந்தாள்.

“எவ்வளவு சமத்து பாரேன்! காலைல இருந்து ஒரு சிணுங்கல் உண்டா? இவன் பொறந்தப்போ ஆஸ்பத்திரியே காதைப் பொத்திக்கிச்சு.”

“ஆரம்பிச்சிட்டியா அக்கா?”

“சரி சரி, சத்தம் போடாத. தூங்கட்டும். பசிச்சா தானா அழுவா.”

தாயும் சிரித்தாள். கண் செருகியது. இமைக்குள் நீலமாய் நீச்சல்குளம் விரிந்தது. பிள்ளைகள் கத்திக் கும்மாளம் போட்டார்கள். கத்துகிறவர்களைப் பற்றி அவளுக்கு என்றைக்கும் கவலையில்லை. சத்தமே காட்டாத பிள்ளை மேல்தான் அவள் கண் இருக்கும்.

திடுக்கென்று விழித்தாள்.

“அண்ணி, பாப்பா கடைசியா எப்ப பால் குடிச்சா?”

“காலைல ஏழு மணிக்கு நீதானே குடுத்த?”

ஐந்து மணி நேரம் ஓடியிருந்தது. குழந்தையை வாங்கி மார்போடு வைத்தாள். வாய் தேடவில்லை. உள்ளங்காலைச் சுண்டினாள். கண் திறக்கவில்லை. கை துவண்டு கிடந்தது. விரல் நுனிகள் மட்டும் மெலிதாக நடுங்கின.

“என்னங்க, சிஸ்டரைக் கூப்பிடுங்க. ஓடுங்க!”

நர்ஸ் வந்து குதிகாலில் குத்தினார். சின்ன மெஷினில் முப்பத்தெட்டு என்று காட்டியது.

“ஐம்பதாவது இருக்கணும்மா. டாக்டர்கிட்ட சொல்லிடறேன். ஏறலைன்னா ட்ரிப் போட வேண்டியிருக்கும்.”

சொல்லிக்கொண்டே விரலில் சர்க்கரை ஜெல்லை எடுத்துக் குழந்தையின் கன்னத்து உட்புறத்தில் தடவித் தேய்த்தார். குழந்தையின் சட்டையைக் கழற்றி, தாயின் வெற்று மார்பில் கிடத்திப் போர்வையால் மூடினார். தாய் கையால் பாலைப் பிழிந்து கிண்ணத்தில் எடுத்தாள். பத்துப் பதினைந்து சொட்டு தேறியது.

அக்கா சுவரோரம் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

“நான்தான் தூங்கட்டும்னேன்.”

“நானும்தான் சிரிச்சிட்டுப் படுத்திருந்தேன் அண்ணி. வாங்க, இந்த ஸ்பூனைப் பிடிங்க.”

அக்கா சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். குழந்தையின் நாக்கு ஒருமுறை அசைந்தது. மறுபடி அசைந்தது. தாய்க்குத் தன் மூச்சு எது, அதன் மூச்சு எது என்று தெரியவில்லை. இருவரும் ஒரே வெதுவெதுப்பில் மிதந்தார்கள். எவ்வளவு நேரம் போனதோ, பசை போல் ஒட்டியிருந்த இமைகள் பிரிந்து இரண்டு கருவிழிகள் அவளைப் பார்த்தன.

நர்ஸ் மறுபடி குத்தினார்.

“ஐம்பத்தாறு! ஆனா இன்னிக்கு வீட்டுக்குப் போக முடியாதும்மா. ஜெல் இல்லாம, பாலுக்கு முன்னாடி மூணு தடவை சரியா வரணும்.”

“மூணு என்ன, முப்பது தடவை பாருங்க,” என்றான் கணவன், கட்டிய பைகளை அவிழ்த்தபடி.

மறுநாள் மதியத்துக்குள் மூன்றும் சரியாக வந்தன. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது பால் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வாசலில் கணவன் கார்க் கதவைத் திறந்தான். தாய் நின்றுவிட்டாள்.

“மணி என்ன?”

“ரெண்டேமுக்கால்.”

“மூணுக்குப் பால் நேரம். குடுத்துட்டே போலாங்க.”

வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா தன் துப்பட்டாவை விரித்துப் பிடித்தாள். வெயிலில் கார்க் கதவு திறந்தே கிடந்தது.