'ங்க' போட்டுத் திட்டிய பாட்டு

1

இந்தக் கதை கோவை காந்திபுரத்தில் எங்கள் துணிக்கடையில் பிறந்தது. நாயகன் பிற்பாடுதான் வந்து சேர்ந்தான். ஒருவர் இருக்கிற சேலையையெல்லாம் விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்தார். அப்பா கைகூப்பி, "சாவகாசமா யோசிச்சுப்போட்டு வாங்க" என்றார். மனிதர் திட்டு வாங்கியவர்போலச் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அதை அப்படியே எழுதினால் கட்டுரையாகிவிடும். ஒரு பத்திரிகை இளைஞர் சிறப்பிதழுக்குக் கதை கேட்டது. ஆகவே ஹிப்-ஹாப். (சரக்கு அதேதான், பொட்டலம் வேறு.)

2

முதல் தொடக்கம்: "ஷெர்வினின் நாடி நரம்பெல்லாம் தாளம் ஓடியது. அவன் பிறந்த அன்றே—"

வேண்டாம். நரம்பில் தாளம் ஓடினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது: ஒரு எப்.எம். வானொலியில் எந்தப் பாட்டு எப்போது ஒலிக்கலாம் என்று முடிவு செய்கிறவன் ஷெர்வின். 'ஹிப்-ஹாப் நேரம்' அவனுடையது. மதியம் மூன்று மணிக்கு வரும். கோவையே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். சொந்தப் பாட்டோடு வருகிற யாரையும் அவன் நோகடித்ததில்லை. "சூப்பருங்க. கேட்டுப்போட்டுக் கூப்பிடறேனுங்க" என்பான். கூப்பிட்டதாக வரலாறு இல்லை.

பிறர் பாட்டில் பல வருடம் குற்றம் கண்டவனுக்கு, தனக்கும் பாட்டுச் செய்ய வரும் என்று தோன்றியது. (பந்தியில் உட்கார்ந்தே சமையல்காரர் ஆனவர்களை நம் கல்யாணங்களில் பார்க்கலாம்.) வேலையை விட்டான். துடியலூரில் டயர் கடைக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ போட்டு, இசைத் தயாரிப்பாளர் என்று பலகை மாட்டினான். முதல் பாட்டு எடுபடாவிட்டால் மாமனாரின் பம்ப்செட் ஏஜென்சியில் போய் உட்கார வேண்டும். அங்கே அவனுக்கான நாற்காலியை ஏற்கெனவே துடைத்து வைத்துவிட்டார்கள்.

3

பாடுகிறவள் லோகப்பிரியா. விசைத்தறிகள் நிறைந்த கருமத்தம்பட்டிக்காரி. தறிச் சத்தத்தில் தாளம் கற்றவள் என்று எழுதினால் எனக்கு விருது கிடைக்கும். ஆனால் அவள் படிப்பது பல் மருத்துவம். ஹர்ஷா என்கிற ராப் பாடகன் அவளுடைய வரி ஒன்றைத் திருடி (ராப் பாஷையில் 'கடித்து') பாடிவிட்டு, மேடையில் "தங்கச்சி நல்லா ட்ரை பண்ணுது" என்று வேறு தட்டிக்கொடுத்திருந்தான். அதற்கு அவள் பதில்:

வாங்க ஹர்ஷா, உக்காருங்க,
வாயக் கொஞ்சம் தொறங்க,
என்ற வரியக் கடிச்சீங்களே,
பல்லேதும் ஆடுதுங்களா?

ஷெர்வின் ஹெட்போனைக் கழற்றினான். திட்டுகிற பாட்டில் மரியாதை எதற்கு, கேட்கிறவன் பல் ஆஸ்பத்திரி விளம்பரம் என்றல்லவா நினைப்பான், அந்த 'ங்க'வை எடு என்றான்.

"எடுத்துப்போட்டா அது வெறும் சண்டைங்ணா. இருந்தாத்தானுங்க அவனுக்கு அசிங்கம்."

அவள் பஸ் பிடிக்கப் போனதும் அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு 'ங்க'வாகப் பிடுங்கினான். உக்காரு. தொற. கடிச்சீ…ளே. ஆடுது…ளா. பாட்டு பொக்கை வாயானது. ஓட்டைகளை ட்ரம் வைத்து அடைத்தான்.

(இந்த இடத்தில் எனக்கு அவன் மேல் சந்தேகம். கோயமுத்தூர்க்காரனுக்கு 'ங்க'வின் கூர்மை தெரியாதா? தெரியும். ஆனால் அவனுக்குக் கொடுத்துத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை.)

4

பாட்டோடு பழைய வானொலிக்கே போனான். அவன் இடத்தில் இப்போது அனீஸ். தொழில் சொல்லிக்கொடுத்ததே ஷெர்வின்தான். அனீஸ் எழுந்து நின்றான், காபி சொன்னான், கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டான்.

"சூப்பருங்ணா. கேட்டுப்போட்டுக் கூப்பிடறேனுங்க."

படியிறங்கும்போதுதான் ஷெர்வினுக்கு உறைத்தது: இப்போதுதானே கேட்டான்?

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. குரல்கூட உயரவில்லை. வெட்டு விழுந்திருக்கிறதா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வாசலிலேயே நின்று லோகப்பிரியாவுக்குப் போன் போட்டு, செய்ததைச் சொன்னான். அசல் பதிவிலேயே கை வைத்துவிட்டதால் மறுபடி பாட வேண்டும், ஒரு 'ங்க'கூட விடாமல் பாட வேண்டும் என்றான்.

5

முடிவுகள்.

அ. அவள் வருகிறாள். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கிறது. ஹர்ஷா மேடையில் வாயைத் திறக்கவும் கூட்டம் மொத்தமும் "பல்லேதும்—" (இளைஞர் சிறப்பிதழுக்கு.)

ஆ. அவள் வரவில்லை. ஷெர்வின் பம்ப்செட் விற்கிறான். ரேடியோவில் மணி மூன்று. (விருதுக்கு.)

இ. இது வேறு. போனில் அவள் சொன்னாள்:

"அதுக்கென்னங்ணா. யோசிச்சுப்போட்டுக் கூப்பிடறேனுங்க."

ஷெர்வின் போனைக் காதிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. வந்தது மரியாதையா திட்டா என்று, அந்த வார்த்தையிலேயே பிழைத்தவனுக்குப் பிடிபடவில்லை. அவள் கூப்பிடுவாளா என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், கேட்க வேண்டியதுதான்.

நல்ல கேள்விங்க. யோசிச்சுப்போட்டுச் சொல்றேனுங்க.