சோக்குக்கு ஒரு ஒயர்

காலையிலிருந்து அண்ணன் ஓரிடத்தில் உட்காரவில்லை. வாசலுக்கு வருவான், காரைச் சுற்றுவான், உள்ளே போவான், மறுபடி வருவான். வாடகைக் கார் ஓட்டியே பிழைத்தவன். பக்கவாதம் வந்துபோன பிறகு வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. அவனுடைய பழைய காரிலோ ஒரு கையால், எஞ்சினுக்குப் போகும் காற்றை அடைக்கிற சோக்கை இழுத்துப் பிடித்து, மறு கையால் சாவியைத் திருப்பினால்தான் குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்.

லிப்ட் மெக்கானிக்கான தங்கை, கார்புரேட்டரில் எலெக்ட்ரிக் சோக்கைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மின்சாரம் வந்ததும் அதன் சுருள் சூடாகி, அடைத்த காற்றுவழியைத் தானே மெல்லத் திறக்கும். இழுக்கிற வேலையே இல்லை.

"என்னைக் கேட்டியா?" என்றான்.

"கேட்டா வேணாம்னுதானே சொல்லுவே."

"தெரியுதுல்ல?"

அவள் காதில் வாங்கவில்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற, கைக்கெட்டிய இக்னிஷன் காயிலிலேயே சோக்கின் ஒயரைக் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, துடித்தது, நின்றது.

"நல்லா இருந்த வண்டி. இப்ப திருப்தியா?"

"கொஞ்சம் வாய மூடுண்ணே."

அவசரப்பட்டதற்காக அவளுக்குத் தன்மேல்தான் கோபம். காயிலுக்குப் போக வேண்டிய மின்சாரத்தைச் சோக் பங்குபோட்டுக்கொண்டது. டெஸ்ட் லேம்பை எடுத்து ப்யூஸ் பெட்டியில் தொட்டுப் பார்த்தாள். முதல் முனையில் சாவி இல்லாமலே விளக்கு எரிந்தது. அங்கே கொடுத்தால் நிற்கிற வண்டியில் சோக் சூடாகிக் கிடக்கும், பேட்டரியும் காலி.

"சாவியைப் போடு. இப்ப எடு."

முணுமுணுத்துக்கொண்டே இடது கையால் செய்தான். அடுத்த முனை, சாவி போட்டால் மட்டும் எரிந்தது. காயிலில் கொடுத்த ஒயரைக் கழற்றி, அங்கிருந்து சோக்குக்கு இழுத்தாள்.

அண்ணன் உட்கார்ந்து ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உடனே உறுமியது, சோக் திறக்கத் திறக்கத் தணிந்தது. அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிப் போய்விட்டான்.

போனவன் வரவில்லை. போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தான். அவள் துடைத்த ஸ்பேனரையே திரும்பத் துடைத்தாள், தெருமுனை வரை போய் வந்தாள்.

"உங்க அண்ணன் எப்ப சொல்லிட்டுப் போயிருக்காரு?" என்றாள் அண்ணி. ஆனால் அவளும் கேட்டை விட்டு நகரவில்லை.

கடைசியில் கார் வந்து நின்றது. அண்ணனின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. எஞ்சினை அணைக்கவில்லை.

"திருப்பத்துல இந்தக் கையில ஸ்டியரிங் வழுக்குது. ரெண்டு இடத்துல பயந்துட்டேன்." கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான். "பழகற வரைக்கும் பக்கத்துல உக்காரு."

கிரீஸ் கையோடு அவள் முன்னால் ஏறினாள்.

"அப்ப நான் மட்டும் இங்க நின்னு வேடிக்கை பாக்கணுமா?" என்று அண்ணி பின்கதவைத் திறந்தாள்.