குடைராட்டினத்துக் குதிரை

வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பூசையில் ஆண்டவரின் உடலாகத் தரும் அப்பத்தை, நன்மையை, வாங்குவதற்காக முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. ஈஸ்டர் காலைப் பாஸ்குப் பூசை முடிந்தது. வீட்டில் ஆத்தா இட்லியோடு காத்திருந்தாள். நான் நேரே திருவிழாவுக்கு வந்திருந்த குடைராட்டினத்துக்குப் போனேன். மத்தியான பஸ்ஸில் முகாமுக்குத் திரும்ப வேண்டும். தலைசுற்றாமல் இருக்கப் பழக அதுதான் கடைசி நேரம்.

அது 1956. விமானப் பயிற்சி முகாமில் ஒரு பெட்டி இருந்தது. சின்ன விமானம் மாதிரி. தரையை விட்டு எழும்பாது. மூடியைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இருக்கும் கருவிகளின் முட்கள் காட்டுவதைப் பார்த்து ஓட்ட வேண்டும். அது சாயும், சுற்றும். மூன்று தரம் அதற்குள் வாந்தி எடுத்தேன். இன்னொரு தரம் எடுத்தால் வீட்டுக்குத்தான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். கிணறு வெட்டுகிறவன் மகன் பிளேன் ஓட்டப் போகிறான் என்று பங்குச் சாமியார் பூசைப் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்த ஊரில், இதை எப்படிச் சொல்வது?

ராட்டினத்துக்காரன் இருளாண்டிக்கு மட்டும் தெரியும். நார்த்தாமலைக்காரன், என் வயசுதான். நாலு நாளாகக் கூட்டம் வருமுன்னே என்னை ஏற்றிக் கையால் தள்ளிச் சுற்றினான்.

"ஆகாசத்துல போறவருக்கு மரக்குதிரை ஒத்துக்கலையாக்கும்!" என்று சிரிப்பான். "கண்ண மூடாதீங்க. தலைய ஆட்டாதீங்க. குதிரைக் காதையே பாருங்க."

அன்றைக்கு அவன் தயங்கினான். "வெறும் வயிறுங்க. தின்னுட்டு வாங்க."

"நேரமில்ல. வேகமாச் சுத்து."

சுற்றினான். இன்னும் வேகமாக என்றேன். பத்தாவது சுற்றில் குதிரைக் கழுத்தில் வாந்தி எடுத்தேன். மண்ணில் வழிந்தது.

நன்மை வாங்கிக் கால்மணிதான் ஆகியிருந்தது. சனம் கூடிவிட்டது.

"ஆண்டவர மண்ணுல துப்பிட்டியேடா!" என்று வியாகுலமேரிச் சித்தி மார்பில் அடித்துக்கொண்டாள்.

கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சூசைமாணிக்கம் ஓடி வந்தார். யாரையும் மிதிக்க விடாமல், அதை மண்ணோடு வழித்து வெள்ளைத் துணியில் கட்டினார்.

"சந்தனராஜு, எதுக்குடா இதுல ஏறுன?"

பழகுவதற்கு என்றால் பெட்டிக்குள் வாந்தி எடுத்ததையும் சொல்ல வேண்டும்.

"சும்மா ஏறினேன். நன்மை வாங்கியிருக்கேன், மெதுவாச் சுத்துன்னேன். வேணும்னே இழுத்துச் சுத்திட்டான்."

இருளாண்டி என்னைப் பார்த்தான். "என்னங்க இப்பிடிச் சொல்றீங்க?"

அதற்குள் அவன் மேல் முதல் அடி விழுந்தது.

ராட்டினத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். குதிரைகளை வண்டியில் தூக்கிப் போட அவனுக்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. நானும்தான். ஆத்தா, "அந்தப் பாவிக்கு ஒம்மேல என்ன வயித்தெரிச்சலோ" என்று அவனை வைதுகொண்டே இட்லி வைத்தாள். தின்றேன்.

அடுத்த வாரம் பெட்டிக்குள் உட்கார்ந்தேன். மூடி இறங்கியது. தலையை ஆட்டாமல், கண்ணை மூடாமல், ஒரே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம். வாந்தி வரவில்லை. தேறிவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு தரம் லீவில் வந்துவிட்டேன். பஸ் நார்த்தாமலை வழியாகத்தான் வருகிறது. இறங்கியதில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அவன் ராட்டினத்தை இன்னும் விடுவதில்லை. நான் சொன்னது பொய் என்று கோயில் வாசலில் நின்று சனத்திடம் சொல்ல வேண்டும். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டும் இருளாண்டிக்கு நான் பட்ட கடன். ஒன்றையும் தீர்க்கவில்லை.