நெவிலின் புதினா டப்பா

சிகரெட்டை விடுவதற்காக என் கணவர் நெவில், தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து, புதினா மிட்டாய் டப்பாவுக்குள் பேட்டரியும் கம்பிச்சுருளும் வைத்து மின்சிகரெட் செய்கிறார். மூன்று வாரமாகியும் அந்தச் சனியன் ஒரு தடவைகூடப் புகையவில்லை.

"கம்பியை ஒட்டவச்ச சால்டர் ஈயம் மறுபடியும் விட்டுப்போச்சுடி! நேத்து நல்லாத்தானே வச்சேன்?"

"இணையத்துல கேட்டீங்களே, என்ன சொன்னானுங்க?" என்றேன், தேநீரை வைத்தபடி.

"நம்ம கிரிம்ஸ்பி ஊரு கடல்காத்துல ஈரம் ஜாஸ்தியாம், அதான் விட்டுப்போகுதாம்."

ஒரு கையில் சால்டர் கோல், மறுகையில் கம்பி, பல்லிடுக்கில் டார்ச். சிகரெட் பிடிக்க அந்த மனிதருக்கு உறுப்பே மிச்சமில்லை. மூன்று வாரமாக ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்பது அவருக்கே உறைக்கவில்லை.

"இன்னைக்கு முடிச்சிடுறேன் பாரு!"

"முடிங்க, முடிங்க."

நாளைக் காலை அவர் குளிக்கப் போனதும், வழக்கம்போல நகவெட்டியோடு நான் கொட்டகைக்குப் போக வேண்டும். எந்தக் கம்பி என்பதுதான் யோசனை. சிவப்பை ஏற்கெனவே ஏழு தடவை, ஈயம் விட்டதுபோலத் தெரியும்படி ஒட்டிலேயே வெட்டியாகிவிட்டது.