வெறுமையாகக் கிடந்த பஸ் தரிப்பிடம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், அரசாங்கம் எனக்குத் தந்திருக்கும் கோல்ட் கார்ட் பறிபோகக் கடவது. வயதானவர்கள் எல்லாரும் இலவசமாகப் போகும் ரயிலில் நான் மட்டும் மறுகோடியில் இருக்கும் பாபகூரா வரைக்கும் காசு கொடுத்துப் போகக் கடவேன். இதைவிடப் பெரிய சத்தியம் இந்த யேசுராசாவிடம் இல்லை என்பது நான் குடியிருக்கும் ரானுயியில் என்னைத் தெரிந்த எவருக்கும் தெரியும்.

குற்றம் என்னுடையது அல்ல. அடுத்த தெருவில் இருக்கும் குலசிங்கத்தினுடையது. நான் வெறும் சாட்சி. ஆனபடியால் நான் இதைப் பதறாமல் சொல்ல முடியும்.

2014ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. ஒனிஹங்காவில் ஒரு குழந்தையின் ஞானஸ்நான விருந்து. என் மனைவி அன்ரனீற்றாவுக்குத் தடிமன், மூக்கொழுகல், வர முடியவில்லை. ஆனால் அவள் வைத்த நண்டுக் குழம்பு வந்தது. ஒரு பெரிய சட்டி, மேலே மூடி, மூடியைச் சுற்றி என்னுடைய பழைய கழுத்துப்பட்டி. காரில் நாங்கள் இரண்டு பேர்தான்: நானும் குலசிங்கமும். பழைய ரொயோட்டா. கார் யாருடையது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விபரம். குலசிங்கம் ஓட்டினார். சட்டி என் மடியில் இருந்தது.

ஒனிஹங்காவின் கடைத்தெரு உங்களுக்குத் தெரிந்திருக்கும். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, இரண்டு பக்கமும் நிறுத்தி வைத்த கார்கள். நடுவழியில் பின்னால் சைரன் கேட்டது. கண்ணாடியில் அம்புலன்ஸ், சிவப்பு வெளிச்சம் சுழலச் சுழல.

நாங்கள் குடிவந்த இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் எடுக்கப் படிக்கும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள்: இடப்பக்கம் ஒதுங்கு, வழிவிடு, வேண்டுமென்றால் நில். எங்களுக்கு இடப்பக்கத்தில் பஸ் தரிப்பிடம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. பஸ் இல்லை, ஆள் இல்லை, ஒரு புறாகூட இல்லை. ஸ்டியறிங்கைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

குலசிங்கம் திருப்பவில்லை. நடுவீதியில் பிரேக்கை அழுத்தினார். என்ஜினை நிறுத்தினார். கார்த் திறப்பை உருவிக் கையில் எடுத்தார். கதவைத் திறந்து இறங்கி, காருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, பொக்கற்றில் இருந்து கோல்ட் கார்ட்டை எடுத்து, படம் தெரியும்படி நெஞ்சுக்கு நேரே பிடித்தார்.

பைத்தியம் இல்லை. ஊரில் ஆமி வாகனங்கள் வரிசையாகக் கொன்வோய் வரும்போது எங்கள் ஆட்கள் செய்தது அதுதான். நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இறங்க வேண்டும். கை வெளியே தெரிய வேண்டும், கையில் அடையாள அட்டை இருக்க வேண்டும். வாகனத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுத்தவனைத்தான் அவர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். அங்கே மரியாதை என்றால் அசையாமல் நிற்பது. இங்கே மரியாதை என்றால் அசைவது. தலைக்கு இந்தச் சட்டம் தெரியும். காலுக்கு அந்தச் சட்டம்தான் தெரியும். பிரேக்கை அழுத்துவது கால்.

அம்புலன்ஸ்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"மேட்! காரை எடு, மேட்! இடப்பக்கம்!"

குலசிங்கம் கார்ட்டை இன்னும் உயர்த்தினார்.

"என்ன காணும் செய்யிறீர்?" என்று உள்ளே இருந்து கத்தல். "அவங்கள் உம்மட கார்ட்டைக் கேக்கேல்லை! வழியைக் கேக்கிறாங்கள்! ஏறும், ஏறி எடும்!"

திறப்பு குலசிங்கத்தின் கையில் இருந்து நழுவிக் காருக்கு அடியில் போய்விட்டது. அவர் முழங்காலில் இருந்து தேடினார். சைரன் அடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். குலசிங்கத்திடம் அதைக் கேட்கவே கூடாது.

அப்போதுதான் பேக்கரியில் இருந்து நாலு சமோவாப் பெடியள் வெளியே வந்தார்கள். ஒவ்வொருவனும் ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவு. நிலைமையைப் பார்த்தார்கள். வாயில் கடித்த பணிசை விடாமல் ஆளுக்கு ஒரு சில்லைப் பிடித்து, காரை உள்ளிருந்த ஆளோடும் நண்டோடும் தூக்கி, பஸ் தரிப்பிடத்தில் பூப்போல வைத்தார்கள். ஒருவன் கண்ணாடியால் எட்டிப் பார்த்து, "ஸ்மெல்ஸ் குட், அங்கிள்" என்றான். அம்புலன்ஸ் போனது. சட்டியில் ஒரு துளி சிந்தவில்லை. குலசிங்கத்தின் வெள்ளைக் காற்சட்டையில் மட்டும் தொடையிரண்டிலும் குழம்புக் கறை. என் மடியில் இருந்த சட்டி வெளியே நின்றவரின் மடியில் எப்படி ஊற்றியது என்பதை விஞ்ஞானிகள்தான் விளக்க வேண்டும்.

அம்புலன்ஸ் தூரம் போகவில்லை. அடுத்த சந்தியில் திரும்பி, நீலத் தபால்பெட்டியும், சிலர் எலுமிச்சை என்று சொல்லும் தேசிமரமும் நின்ற ஒரு வீட்டின் முன்னால் நின்றது. நாங்கள் நின்ற இடத்தில் இருந்தே தெரிந்தது. யாரையோ தூக்கி வந்து ஏற்றினார்கள். வெள்ளைத் தலை ஒன்று. போர்வை. பின்னால் ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

குலசிங்கம் விருந்தில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு குலசிங்கத்துக்கு ஒதுங்கும் வியாதி வந்தது. குப்பை லொறி மஞ்சள் வெளிச்சத்தோடு வந்தாலும் ஒதுங்குவார். சுப்பர் மார்க்கெட்டில் நிலம் கழுவும் மெசின் வந்தால் தள்ளுவண்டியை இடப்பக்கம் எடுத்து நிறுத்தித் தலையைக் குனிவார். ஒருநாள் ஐஸ்கிறீம் வானுக்கு ஒதுங்கினார். அந்த வான் வீடு வீடாக நின்று நின்று போக, இவரும் பின்னால் நின்று நின்று ஒதுங்க, அடுத்த ஊரான ஹெண்டர்சன் வரைக்கும் வாகனங்கள் வரிசையில் நின்றன. வான்காரன் இத்தனை மரியாதையை ஆயுளில் கண்டதில்லை என்று ஒரு கோன் கொடுத்தான். குலசிங்கம் அதைத் தின்னாமல் உருகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். நித்திரையிலும் ஒதுங்கினார். ஒரு இரவு இடப்பக்கம் நகர்ந்து நகர்ந்து கட்டிலால் விழுந்தார். விடிய அதை எனக்குச் சொன்னவள் அன்ரனீற்றா. அடுத்த தெருவில் ஆள் விழுந்த சத்தம் என் மனைவிக்கு எப்படிக் கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை. சிலதை விசாரிக்காமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அந்த வெள்ளைத் தலை உயிரோடு இருக்கிறதா? அம்புலன்ஸ் நிலையத்தில் கேட்டால் அது அடுத்தவர் விஷயம், சொல்ல முடியாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். வீடு தெரியும். போய்க் கதவைத் தட்டினால் முடிந்தது. குலசிங்கம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வீட்டுக்கு முன்னால் காரை மெதுவாக ஓட்டினார், நிறுத்தவில்லை. ஜன்னல் சீலை மூடியிருந்தால் ஆள் போய்விட்டார் என்று அழுவார். சீலை திறந்திருந்தால், ஆள் போனபடியால்தான் காற்றுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று அழுவார். தேசிக்காய் பிடுங்காமல் பழுத்து விழுந்தது. அதற்கும் அழுதார்.

கடைசியில் அன்ரனீற்றாதான் பொறுமை இழந்தாள். மறுபடியும் நண்டு வாங்கிக் குழம்பு வைத்து, சட்டியை மேசையில் டக்கென்று வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, போய்க் கேளுங்கோ. ஆள் இருக்குதோ இல்லையோ எண்டு தெரிஞ்சாத்தான் இந்த வீட்டில மனுசர் நித்திரை கொள்ளலாம்."

"இந்த வீட்டிலயோ? குலசிங்கத்தாற்ற வீட்டில எண்டு சொல்லும்."

"ஓம் ஓம். குலசிங்கத்தாற்ற வீட்டில." அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

போனோம். நீலத் தபால்பெட்டிக்கு முன்னால் கார் முதல்முறையாக நின்றது.

"வாருமன்," என்றார் குலசிங்கம்.

"நீர் போம். எனக்கு முழங்கால் ஏலாது."

"காலமை பஸ்சுக்கு ஓடினீரே?"

"அது மற்ற முழங்கால்."

குலசிங்கம் தொப்பியைத் தலையில் சரி செய்தார். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் காரில் இருந்தேன். என் கை ஸ்டியறிங்கைப் பிடித்திருந்தது. வேறு பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கதவைத் திறந்தவள் அன்று செருப்பில்லாமல் ஓடியவள். குலசிங்கம் ஏதோ சொன்னார். அவள் ஏதோ சொன்னாள். குலசிங்கம் தொப்பியைக் கழற்றினார். அவள் அவருடைய தோளில் கை வைத்தாள். குலசிங்கம் மூடியைச் சுற்றிக் கட்டியிருந்த என் கழுத்துப்பட்டியை அவிழ்த்தார். பிறகு அவள் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், கதவு சாத்தியது. குலசிங்கம் தேசிமரத்துக்குக் கீழே கொஞ்சம் நின்றுவிட்டு வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார்.

"என்னவாம்?"

"ஆள் சுகமாம்."

"கண்டீரோ?"

"கண்டன். பின்வளவில கோழிக்குத் தீன் போடுறார்."

"கோழிச் சத்தம் ஒண்டும் கேக்கேல்லையே."

"நித்திரை கொள்ளுதுகள் காணும்."

"பகலிலயோ?"

"வயசான கோழியள்."

"அப்ப ஏன் உம்மட கண் சிவந்து கிடக்கு?"

"நண்டு சரியான உறைப்பு."

"சட்டி மூடி திறக்கவேயில்லையே."

குலசிங்கம் கழுத்துப்பட்டியை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்புலன்ஸ் நேரத்துக்குத்தான் வந்ததாம். ஒரு சொட்டும் பிந்தேல்லையாம். அந்தக் காரில வந்தவர் யாரெண்டாலும் கவலைப்பட வேண்டாமாம். அந்த மனுசியே சொன்னவ. போவம்."

நான் நம்பினேன். நம்பாமல் விட எனக்கென்ன காரணம்? அந்தப் பெரியவர் இன்று தொண்ணூறு தாண்டி, காலையில் மனுக்கோக் கடற்கரை முழுவதும் ஓடிவிட்டு வந்துதான் தேத்தண்ணி குடிக்கிறாராம். மத்தியானம் மரத்தில் ஏறித் தேசிக்காய் பிடுங்குகிறாராம். இதையும் குலசிங்கம்தான் சொன்னார். அல்லது நான் அவருக்குச் சொன்னேன்.

திரும்பி வரும்போது அதே கடைத்தெரு. பின்னால் சைரன். இந்த முறை கார் நடுவில் நிற்கவில்லை. இண்டிகேற்றர் போட்டு, மெல்ல இடப்பக்கம் எடுத்து, வெறுமையாகக் கிடந்த பஸ் தரிப்பிடத்துக்குள் போய் நின்றது. அம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போனது. சத்தம் தேயும்வரை கார் அங்கேயே நின்றது.

"இப்ப சரி," என்றார் குலசிங்கம்.

குலசிங்கத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் வாழ்நாளில் லைசென்ஸ் எடுத்ததே இல்லை.