பெண்களுக்கு ஆராதனைக்குப் பிறகு

எங்கள் ஆத்துமாவின் மேல் ரெனிஷுக்கு அப்படி ஓர் அக்கறை. எங்கள் ஊர்க் கடலில் நடக்கும் லாங்போர்டு போட்டிக்கு, அதாவது நீளப் பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் போட்டிக்கு, அவன்தான் பொறுப்பாளன்; ஆண்கள் பிரிவில் போட்டியாளனும்கூட. ஞாயிறு காலை ஆண்களுக்கு, நண்பகல் பெண்களுக்கு என்று அறிவித்துவிட்டான். ஏன் என்று நேரே போய்க் கேட்டேன்.

"ஏட்டி ஷைஜா, நீங்க காலத்த ஆராதனைக்குப் போவாண்டாமா? பெண்டுவ கோயிலுக்குப் போவாம கடல்ல கெடந்தா நாலுபேரு என்ன சொல்லுவாவ?"

"அப்ப ஆம்பிளைய?"

"அவங்களுக்கென்ன, சாயங்காலம் ஜெபிச்சுக்கிடுவாங்க."

எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. காலையில் எங்கள் கடல் எண்ணெய் தடவினாற்போல் இருக்கும். அலை நீளமாக, நிதானமாக உருளும். ஒன்பதடிப் பலகையின் நுனிவரை நடந்துபோய் நிற்க அந்த அலைதான் வேண்டும். வெயில் ஏறினால் காற்று எழும்பி எல்லாவற்றையும் கலக்கிவிடும். ஆணோ பெண்ணோ, கூடுதல் மதிப்பெண் எடுக்கும் ஒரே ஆளுக்குத்தான் மாநிலப் போட்டியில் இடம். இது அந்தப் பக்திமானுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஞாயிறு காலை ஆண்களின் இறுதிச் சுற்று நடக்கும்போதே பலகையோடு கடலில் இறங்கினேன். "ஷைஜா, கரைக்கு வா!" என்று மைக்கில் கத்தினார்கள். கத்தட்டும்! அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் கிட்டே இருக்கிறாரோ அவருக்குத்தான் அலை. மற்றவர் விலக வேண்டும். அடுத்த பெரிய அலைக்கு நான்தான் கிட்டே இருந்தேன். கையால் துழாவி வந்த ரெனிஷ் என்னைப் பார்த்து நிறுத்தினான். அந்தச் சட்டத்தை மீறினால் கடலில் ஒருவரும் அவனை மதிக்கமாட்டார்கள். நான் எழுந்தேன், நடந்தேன், நுனியில் இரண்டு காலையும் வைத்து நின்றேன். கரையெல்லாம் விசில். மதிப்பெண் போடத்தான் ஆளில்லை.

கரையில் சொட்டச் சொட்ட வந்து நின்றான். "ஒனக்கு வெக்கமில்லியா? ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவாம..."

"நீ எந்தக் கோயில்லயிருந்து வாற?"

"ஒன்ன போட்டியிலயிருந்து நீக்கியாச்சு. போ!"

மணலில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஓர் இடத்துக்காக வருஷம் முழுக்கக் கடலில் கிடந்திருந்தேன்.

நண்பகலில் காற்று எழும்பியது. பெண்கள் சுற்றில் மிச்சமிருந்த ஜிஷாவும் பிரீனாவும் கோயிலுக்குப் போன சேலையோடே வந்து, நடந்ததைக் கேட்டு, என்னருகே உட்கார்ந்தார்கள். மைக்கில் பெயர்களைக் கூப்பிட்டுப் பார்த்த ரெனிஷ் கடைசியில் எங்களிடமே ஓடிவந்தான்.

"ஏட்டி, எறங்குங்க! நேரமாவுது!"

யாரிடமும் குரலுயர்த்திப் பேசாத ஜிஷா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏலே ரெனிஷு, பெண்டுவளுக்க போட்டியிலயும் நீயே எறங்கி ஜெயிச்சுக்கோ."